பத்துக்கு ஆறு

போன வாரம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைக் கொஞ்சம் சுட்டுவிட்டது. "டீச்சர் என்றாலே உங்களுக்கு இளக்காரமா? அந்த அம்மா பாவம், வீட்டையும் பார்த்து, பள்ளிக்கூடத்தையும் பார்த்து, ஊரார் பிள்ளைகளின் மனசையும் பார்க்கிறாள். அவளை ஏன் இப்படிப் போட்டு வாட்டுகிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இந்த வாரத்தைப் படித்துவிட்டு அவரே சொல்லட்டும். எனக்கு எழுதவே கை வரவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. டீச்சர் ஏழாம் வகுப்புக்கு 'உணர்வு நுண்ணறிவு' என்றொரு பாடம் எடுக்கிறாள். பெயர் வாயில் நுழையாததால் பிள்ளைகள் அதை 'மனசு பீரியட்' ஆக்கிவிட்டார்கள். வாரம் ஒருமுறை நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொருவரும் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். வட்டத்தில் சொன்னது வட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. விதி எழுதிய அட்டை கரும்பலகைக்கு மேலே தொங்குகிறது.

அந்த வகுப்பிலேயே அவளுடைய பெண்ணும் படிக்கிறாள். பன்னிரண்டு வயது. ஓயாமல் பேசுவாள் என்று அப்பா வைத்த பெயர் ரேடியோ. அப்பா லிப்ட் மெக்கானிக்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் முதல் வட்டம் கூடியது. முந்தின நாள் சாயங்காலம் டீச்சர் மகளிடம் கெஞ்சினாள். "யாரும் வாயைத் திறக்க மாட்டாங்கடி. நீ ஆரம்பிச்சு வை. நிஜமா ஏதாவது சொல்லு. நீ சொன்னா மத்ததுங்க தானா சொல்லும்." அம்மா கேட்டாளே என்று பெண் சொன்னாள். தனக்கு இன்னும் ராத்திரியில் சில நாள் படுக்கை நனைந்துவிடுகிறது என்று நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் எழுந்து நின்று சொன்னாள். டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்து, "இதுக்குப் பேர்தான் தைரியம்" என்று வகுப்புக்கே பாடம் நடத்தினாள்.

ரேடியோ அதற்கப்புறம் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டது. வயசுக் கோளாறு என்று டீச்சர் நினைத்தாள். மனசு பீரியட் எடுக்கிறவள் அப்படி நினைத்தாள்! சரி, கதைக்கு வருவோம்.

*

இன்றைக்குப் பள்ளிக்கு விருந்தாளிகள். கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து மனசு பீரியடைப் பார்க்கப் போகிறார்கள். பிடித்துப்போனால் முப்பது பள்ளிகளுக்கு இந்தப் பாடம் போகும். முப்பது பள்ளி ஆசிரியர்களுக்கும் நம் டீச்சர்தான் பயிற்சி கொடுப்பாள். பதினேழு வருடமாகச் சாக்பீஸ் தூளைத் தின்றவளுக்கு இப்படி ஒரு வாசல் திறந்தால் யாருக்குத்தான் கால் தரையில் பாவும்?

காலையில் அடுப்படியில் ஒரு கையால் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே மகளைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கும் நீதான் ஆரம்பிக்கணும். ஞாபகம் இருக்குல்ல?"

"ம்."

"என்ன சொல்லப்போற?"

"என்ன சொல்லணும்?"

"அதை நான் எப்படிடி சொல்றது? உன் மனசுல இருக்கறதைச் சொல்லு. ஆனா, ரொம்ப சோகமா வேண்டாம். வந்திருக்கறவங்க பயந்துடுவாங்க."

பெண் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "சின்னதா ஒரு கோவம், அப்புறம் அது சரியாப் போச்சு. அப்படிச் சொல்லட்டுமா?"

"என் தங்கம்! அதேதான்."

மெக்கானிக் வாசலில் ஸ்பானர் பையைத் தோளில் மாட்டியபடி இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் "வரேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். இவரையும் நான் சும்மா விடப்போவதில்லை. இவர் முறை சாயங்காலம் வரும்.

*

இரண்டாவது பீரியடில் டீச்சர் பேப்பர்களைத் திருப்பிக் கொடுத்தாள். போன வாரம் எழுதச் சொன்ன கடிதம் அது. 'நேரில் சொல்ல முடியாத ஒன்றை ஒருவருக்குக் கடிதமாக எழுதுக. உண்மையாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம்.' பத்து மதிப்பெண். நடந்தது என்ன என்பதற்கு இரண்டு, உணர்வின் பெயருக்கு இரண்டு, காரணத்துக்கு இரண்டு, அடுத்து என்ன செய்வேன் என்பதற்கு இரண்டு, நடைக்கு இரண்டு. உணர்வின் பெயருக்குத் தேடி அலைய வேண்டாம் என்று இருபத்துநான்கு சொற்கள் கொண்ட பட்டியலும் அச்சடித்துக் கொடுத்திருந்தாள்.

இதை எப்படித் திருத்தினாள் என்று கேளுங்கள். இரண்டு பிரிவுக்கும் சேர்த்து எண்பத்துநாலு கடிதம். விருந்தாளிகள் வருவதற்குள் முடித்தாக வேண்டும். பேப்பர் திருத்துகிறவர்களுக்குக் கண்ணில் ஒரு பழக்கம் ஏறிவிடும். மேலே இரண்டு வரியைப் படிப்பார்கள். பிறகு கண் தானாக மதிப்பெண் உள்ள சொல்லைத் தேடிக் கீழே ஓடும். சொல் கிடைத்தால் டிக். கிடைக்காவிட்டால் வெட்டு. உங்கள் வீட்டிலும் ஒரு டீச்சர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்.

மகளின் கையெழுத்து அவளுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால்தான் இன்னும் கறாராகத் திருத்தினாள். சொந்தப் பெண்ணுக்கு அள்ளிக் கொடுத்தாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக்கூடாதே!

மணி அடித்ததும் வராந்தாவில் அட்டைகளையும் செல்லோ டேப்பையும் சுமந்துகொண்டு ஓடியவளை மகள் பின்னாலேயே வந்து நிறுத்தினாள்.

"மிஸ், நாலு மார்க் எங்க போச்சு?"

"உணர்வோட பேர் எழுதல, ரெண்டு போச்சு. அடுத்து என்ன செய்வேன்னு எழுதல, அதுல ரெண்டு. மத்தபடி கதை நல்லா இருந்தது."

"கதையா?"

"ஆமா, உனக்குக் கற்பனை நல்லா வருது. இன்னிக்குள்ள திருத்தி எழுதிக் குடு, முழு மார்க் போடறேன். எல்லாருக்கும் அதே ரூல்தான்."

பெண் பேப்பரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "மிஸ், நீங்க முழுசாப் படிச்சீங்களா?"

"படிக்காமயா மார்க் போடுவாங்க? போ, போய் முகத்தைக் கழுவிட்டு வா. விருந்தாளிங்க வந்துட்டாங்க."

"சரி மிஸ்" என்று அவள் பேப்பரை எட்டாக மடித்துப் பையின் அடியில் வைத்தாள்.

அப்போதாவது அந்த அம்மா நின்றிருக்கலாம். அரை நிமிடம். அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

*

வட்டம் பிரமாதமாக நடந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

விருந்தாளிகள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். டீச்சர் நடுவில் நின்று, "யார் ஆரம்பிக்கிறீங்க?" என்று தெரியாதவள் மாதிரி கேட்டாள். மகள் கை தூக்கினாள். எழுந்தாள்.

"நேற்று என் தோழி என் பென்சிலை உடைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அது எனக்குப் பிடித்த பென்சில் என்பதுதான் காரணம். நான் மூன்று முறை மூச்சை இழுத்துவிட்டேன். பிறகு அவளிடம் பேசினேன். இப்போது நாங்கள் மறுபடியும் தோழிகள்."

நாலு படியும் வரிசையாக, ஒன்றுகூடப் பிசகாமல். விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். அந்த வகுப்பில் பென்சிலால் எழுதுவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது என்பது டீச்சருக்கு உறைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஐந்து வாரமாகத் தோழி என்று சொல்லிக்கொள்ள ஒருத்தியும் இல்லை என்பதும் தெரியவில்லை.

அவள் உட்காரும்போது பின்பக்கமிருந்து 'கிளுக்' என்று ஒரு சிரிப்பு. இன்னொன்று. பிள்ளைகள் உற்சாகமாக இருக்கிறார்கள் என்று டீச்சர் தானும் சிரித்தாள்.

முடிந்ததும் தலைமையாசிரியை அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பிரமாதம்! நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து வட்டத்தைப் படம் பிடிக்கிறாங்களாம். முப்பது ஸ்கூல்லயும் போட்டுக் காட்டணுமாம். அந்தப் பொண்ணே ஆரம்பிக்கட்டும்னு சொல்லிட்டாங்க. பத்து மணிக்குள்ள எனக்கு உங்க சம்மதத்தை மட்டும் சொல்லிடுங்க."

விருந்தாளிகளில் ஒருவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள், கிளம்பும்போது டீச்சரை ஓரமாக அழைத்தார். "முதல்ல பேசின பொண்ணு இருக்கால்ல, அவ ஸ்கர்ட் பின்னாடி நல்லா நனைஞ்சிருந்தது. பாத்தீங்களா?"

டீச்சருக்கு முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. பகலிலேயே, வகுப்பிலேயே, அதுவும் இன்றைக்கா! முதலில் வந்தது வெட்கம்தான். மகள் என்ன பாடு படுகிறாளோ என்ற பயம் அதற்கப்புறம்தான் வந்தது. இந்த வரிசையை அவள் பின்னால் பல தடவை நினைத்து நினைத்து அழப்போகிறாள்.

"வாட்டர் பாட்டில் கொட்டியிருக்கும்" என்றாள்.

"இருக்கலாம்" என்றார் அந்த அம்மாள். இன்னும் ஏதோ கேட்க வந்தவர், கீழே வண்டி காத்திருந்ததால் போய்விட்டார்.

*

மெக்கானிக்குக் காலை ஷிப்ட். மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். துணி துவைப்பது அவர் பொறுப்பு. கல்யாணமான புதிதில் யாரோ கிண்டல் செய்ததற்கு, "கிரீஸ் கறையைக் கையாள எனக்குத்தான் தெரியும்" என்று வாயை அடைத்தவர்.

டீச்சர் ஐந்து மணிக்கு வந்தபோது அவர் மகளின் இன்னொரு ஸ்கர்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகள் உள் அறையில் எழுதிக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது.

டீச்சர் முப்பது பள்ளிச் செய்தியை மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் "நல்லது, நல்லது" என்றார். இஸ்திரிப் பெட்டி அதே இடத்தில் போய்ப் போய் வந்தது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லணுங்க. இன்னிக்கு கிளாஸ்ல அவ நனைச்சுக்கிட்டா போல. வந்தவங்க பாத்துட்டாங்க. எனக்கு மானமே போச்சு."

"இன்னிக்கு மட்டுமா?" என்றார் அவர்.

"என்ன சொல்றீங்க?"

"அஞ்சு வாரமா தினம் நனைஞ்சுதான் வருது. நான் துவைச்சுக் காய வெச்சுடறேன்."

"அஞ்சு வாரமா! என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அவளைக் கூப்பிட்டு உக்காரவெச்சு, அதுக்குப் பேர் என்ன, காரணம் என்னன்னு கேப்ப. பாவம், வயசுக்கு வர்ற பொண்ணு. கூச்சப்படுவா. தானா சரியாகும்னு விட்டுட்டேன். ஆவற மாதிரி தெரியல. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். டாக்டர் குடுத்த பழைய சீட்டு அவ பையிலதான் கிடக்கும், பாரு."

மனைவி அசையாமல் நின்றதால் அவரே பையை எடுத்துக் கவிழ்த்தார். மருந்துச் சீட்டு விழவில்லை. எட்டாக மடித்த பேப்பர்தான் விழுந்தது.

அவர் பிரித்தார். படித்தார். அதிகம் படித்தவர் இல்லை, அதனால் ஒவ்வொரு வரியையும் விரலை வைத்து முழுதாகப் படிக்கிறவர். பாதியில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதை நீ படிச்சியா?"

"படிச்சேன். ஆறு போட்டிருக்கேன்."

"நான் படிக்கறேன். கேளு."

அவர் வாசித்தது இதுதான்:

'அம்மாவுக்கு, என் நாற்காலியில் தினமும் தண்ணீர் இருக்கிறது. மழை பெய்யவில்லை. துடைத்தால் சிரிக்கிறார்கள். துடைக்காமல் உட்கார்ந்தால் இன்னும் சிரிக்கிறார்கள். இன்றைக்கும் ஒன்றுக்குப் போய்விட்டாயா என்று கேட்கிறார்கள். நான் வட்டத்தில் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நீ சொல்லச் சொன்னாய், அதனால் சொன்னேன். சாயங்காலம் வரை எழுந்திருக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் நான் தண்ணீர் குடிப்பதில்லை, பாத்ரூம் போவதில்லை. வீட்டில் சொல்ல வந்தேன். நீ பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாய். பேப்பர் என்றால் நீ கட்டாயம் படிப்பாய். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பட்டியலில் தேடினேன். இல்லை.'

மேலே முதல் வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'கற்பனை நன்று' என்றிருந்தது. கடைசி வரிக்குக் கீழே, 'பட்டியலில் 24 சொற்கள் உள்ளன. மீண்டும் பார்க்கவும்.' நடுவில் இருந்த வரிகளின் மேல் பேனா பட்ட தடமே இல்லை.

டீச்சர் பேப்பரைப் பிடுங்கி நடுவரிகளைப் படித்தாள். "தண்ணியா? அது தண்ணியா?"

"தண்ணிதான்." அவர் வாளியில் கிடந்த இன்றைய ஸ்கர்ட்டை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தார். "ஒரு நாள்கூட வாடை அடிக்கல. துவைக்கறவன் நான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் ஒரு மடையன்."

அப்புறம் அவர், "லிப்ட் பாதியில நின்னா நான் மெஷின் ரூமுக்கு உடனே ஓட மாட்டேன். முதல்ல கதவுல வாயை வெச்சு, பயப்படாதீங்க, ஆள் வந்தாச்சுன்னு கத்துவேன். கண்டவனுக்கெல்லாம் கத்தறேன். என் பொண்ணுக்கு..." என்றார். பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

*

கவிழ்த்த பையை மறுபடி அடுக்கி எடுத்துக்கொண்டு டீச்சர் உள்ளே போனாள். மகள் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர் கட்டிலின் நுனியில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, அம்மா உன் லெட்டரைச் சரியாப் படிக்கல. தப்புதான். அது உனக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு இப்பதான்..."

"பரவாயில்லம்மா" என்று பெண் பேனாவை மூடினாள். "நீங்க மன்னிப்புக் கேக்கறது எனக்குப் புரியுது. உங்க உணர்வை நான் மதிக்கிறேன்."

பன்னிரண்டு வருடமாக வீட்டில் 'நீ' என்று வாய் நிறையக் கூப்பிட்ட பெண். அழும்போதும், சண்டை போடும்போதும், காய்ச்சலில் பிதற்றும்போதும் 'நீ'தான்.

"அப்படிப் பேசாதடி. திட்டு. என்னை நல்லாத் திட்டு. எதையாவது தூக்கி எறி."

"திட்டக்கூடாதும்மா. யாரையும் குறை சொல்லாம, நம்ம உணர்வை மட்டும் சொல்லணும். மூணாவது பாடம்."

சொல்லிவிட்டு அவள் மேசையிலிருந்த தாளை எடுத்து நீட்டினாள். "திருத்தி எழுதிட்டேன். இன்னிக்குள்ள குடுத்தா முழு மார்க்னு சொன்னீங்க."

டீச்சர் வாங்கிப் பார்த்தாள். 'மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு' என்று ஆரம்பித்தது. பென்சில் உடைந்த கதை. உணர்வின் பெயர்: கோபம், பட்டியலில் மூன்றாவது சொல். காரணம் இருந்தது. அடுத்து என்ன செய்வேன் என்பதும் இருந்தது. நாற்காலி இல்லை, தண்ணீர் இல்லை, அம்மா இல்லை. ஒரு பிழைகூட இல்லாத, பத்துக்குப் பத்து கடிதம்.

அவள் தாளைக் கசக்கி எறிந்தாள். மகளின் இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இது வேண்டாம். மார்க் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். யார் தண்ணி ஊத்தறாங்க? தினம் அதுல எப்படிடி உக்காந்த? உனக்கு எப்படி இருந்தது? என்கிட்ட சொல்லு, எல்லாத்தையும் சொல்லு."

பெண்ணின் உதடு கொஞ்சம் நடுங்கியது. நான் பொய் சொல்லவில்லை, அந்த ஒரு கணம் எல்லாமே வெளியே வந்திருக்கும். ஐந்து வாரத் தண்ணீரும் வந்திருக்கும்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வீட்டுக்காகக் கேக்கறீங்களா, கிளாசுக்காகக் கேக்கறீங்களா?"

'வீட்டுக்காகத்தான்டி, பைத்தியமே' என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். டீச்சரும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் அவள் தலையில் ஒரு வாக்கியம் தயாராகி நின்றது: முப்பது பள்ளி ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும், பெயர் சொல்லாமல், ஒரு எடுத்துக்காட்டாக. அது எப்படி வந்தது, ஏன் அந்த நேரத்தில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. தன் புத்தி போன போக்கைப் பார்த்து அவளே விறைத்துப்போனாள். விறைத்ததில் ஒரு நொடி போய்விட்டது. இரண்டு நொடி.

"வீட்டுக்காகத்தான்" என்றாள்.

பெண் ஏற்கெனவே திரும்பிவிட்டிருந்தாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய செய்தித்தாள் ஒன்றை உருவினாள். நாற்காலியின் இருக்கை அளவுக்கு நாலாக மடித்தாள். ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அதையும் மடித்தாள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பையில் வைத்தாள். நீவி, மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தாள். பழகிய கை.

அறை வாசலில் அப்பா நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ரேடியோ, நாளைக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டாம்மா. லீவு போடு. நான் போய் அவங்களை ஒரு வழி பண்ணிட்டு வரேன்."

"நீங்க வராதீங்கப்பா, ப்ளீஸ். வந்தா இன்னும் ஜாஸ்தியாகும்." அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நாளைக்குப் படம் பிடிக்க வராங்களாம். ஹெச்.எம். கிளாசுக்கு வந்து சொன்னாங்க. நான் போகலைன்னா அம்மாவுக்கு ஆரம்பிச்சு வைக்க ஆள் இல்லப்பா."